நுரை செத்த கோப்பை

அயர்லாந்துக் கிராமமான பாலிமூராவில் இதற்கு முன் களவு போனவை மொத்தம் மூன்று: ஒரு செம்மறிக் கிடா, ஒரு டிராக்டர், கவுன்சிலரின் பல்செட். பல்செட் மட்டும் திரும்பக் கிடைத்தது. எங்கே கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும். கதவு களவு போனது இதுதான் முதல் தடவை.

அதுவும் சாதாரணக் கதவா? மாலக்கி டோலனின் பப்பில் கவுன்டரை ஒட்டி ஒரு சின்ன மர அறை உண்டு. அந்தக் காலத்தில் பெண்களும் பாதிரியார்களும் ஊர்க்கண்ணில் படாமல் குடிப்பதற்கென்று கட்டியது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது வெளியே எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதைத் தவிர, நல்ல மறைவிடம். அதன் கதவு கறுத்த ஓக் மரம், மேல் பாதியில் வண்ணக் கண்ணாடி. "ஆயிரத்து எண்ணூத்து எழுபத்தொண்ணு. என் கொள்ளுத்தாத்தா கையால இழைச்சது" என்று சுற்றுலாக்காரர்களிடம் சொல்லும்போது மாலக்கியின் குரல் கம்மும். சுற்றுலா பஸ் புறப்பட்டதும் சரியாகிவிடும்.

முந்தாநாள் டின்னி கோய்னை அடக்கம் செய்துவிட்டு ஊரே சூப்புக்கும் சாண்ட்விச்சுக்கும் டோலன் பப்புக்குத் திரும்பியபோது, அந்த அறை வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கதவைக் காணோம்.

"பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு பாஸ்," என்றான் இன்று அங்கே நின்ற ஃபின்டன் லூபி. "கவுன்சிலர ஒரு வார்த்தை கேட்டுப் பாத்துருவோமா?"

அட்ராக்டா கினான் தரையில் மண்டியிட்டு, கதவு இருந்த சட்டத்தின் அடியில் விரலால் துழாவிக்கொண்டிருந்தார். மருந்துக்கடை மாடியில் 'கினான் துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டியிருப்பவர் இவர்தான். அதற்கு முன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து, எரியாத வைக்கோல்போர்களுக்கு நஷ்ட ஈடு கேட்பவர்களின் கதைகளைக் கேட்டுக் கேட்டுக் காது பழகியவர். ஃபின்டன் அவருடைய உதவியாளன். மூளை தன்னுடையது, பெயர் மட்டும் அவருடையது என்பது ஃபின்டனின் நெடுநாள் எண்ணம். சம்பளம் அந்த எண்ணத்துக்கு ஒத்துழைப்பதில்லை.

"மேடம், இந்தக் கதவுதான் இந்த பப்போட ஆத்மா," என்றார் பக்கத்தில் நின்ற ஹெல்ஸ்ட்ரம்.

இவர்தான் பணம் கொடுக்கிற கட்சிக்காரர். அமெரிக்காவில் மினியாபொலிஸிலிருந்து வந்தவர். டோலன் பப்பை ஆணி முதல் கூரை வரை அளவெடுத்து, அதே மாதிரி பதினான்கு பப்புகளைப் பதினான்கு மால்களில் கட்டப்போகிறவர். வந்த நாளிலிருந்து பச்சை ஸ்வெட்டரும் கம்பளித் தொப்பியுமாகத் திரிகிறார். ஊரில் வேறு யாரும் அப்படி உடுத்துவதில்லை என்பதால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும்.

"ஆத்மா போயிருச்சுன்னா உடம்ப வெச்சு என்ன சார் பண்ணுவீங்க?" என்றான் ஃபின்டன்.

"போட்டோ இருக்கு. அத வெச்சு செஞ்சுக்குவோம். ஆனா நாளைக்கு டப்ளின்ல இருந்து மர நிபுணர் வர்றதா இருந்தார். கதவச் சுரண்டிப் பாத்து வயசு சொல்லிச் சான்றிதழ் தருவார். இனிமே அவர வர வேண்டாம்னு சொல்லணும். சுரண்ட ஒண்ணுமில்லையே."

கவுன்டருக்குப் பின்னால் மாலக்கி டோலன் தலையை ஆட்டிப் பெருமூச்சு விட்டார். பெரிய உடம்பு, கறுப்புக் கோட்டு. முன்னால் பப், பின்கட்டில் சவப்பெட்டி வியாபாரம், முற்றத்தில் சவ வண்டி. ஊரில் ஒருத்தன் குடித்தாலும் டோலனுக்கு வருமானம், குடித்துச் செத்தாலும் டோலனுக்கு வருமானம். நடுவில் உடம்பு சரியில்லாமல் கிடக்கும் சில நாட்கள்தான் கை நழுவிப் போகின்றன.

"நாலு தலைமுறைக் கதவு, அட்ராக்டா," என்றார் மாலக்கி. "எங்கப்பா காலத்துல கழட்டினத, மாமா வீட்டு மாட்டுக் கொட்டகைல கண்டெடுத்து நான்தான் திரும்ப மாட்டினேன். யாரு எடுத்திருப்பான்னு நான் எப்படிச் சொல்றது. உள்ள இருந்தது ஒருத்தன்தான். சார்ஜென்டும் அதத்தான் சொல்றார்."

அந்த ஒருத்தன் கோப்பை துடைத்துக்கொண்டிருந்தான். ஓரன் கில்டே, பார்மேன். சவ ஊர்வலத்தன்று எல்லோரும் கல்லறைக்குப் போக, சாண்ட்விச் செய்வதற்காக இவன் மட்டும் பப்பில் இருந்தான். ஹெல்ஸ்ட்ரமின் புது பப்பில் 'அசல் ஐரிஷ் பார்மேன்' வேலைக்கு இவனைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். விசா கைக்கு வரும் நேரம். நாளைக் காலைக்குள் வேறு பெயர் கிடைக்காவிட்டால் ஓரன் மேல் புகார் பதிவாகும் என்று சார்ஜென்ட் சொல்லிவிட்டுப் போயிருந்தார். புகார் பதிவானால் விசா இல்லை, வேலை இல்லை. பாலிமூராவிலும் இனி யாரும் அவன் கையில் கல்லாப்பெட்டியைக் கொடுக்கமாட்டார்கள்.

"நான் எடுக்கல அக்கா," என்றான் ஓரன். "கதவத் தூக்கிட்டு மினியாபொலிஸுக்கு எப்படிப் போறது? கைப்பைக்குள்ள வைக்கவா?"

"ஊர்வலம் வந்தப்ப நீ எங்க இருந்த?"

"வாசல்ல. வண்டி நம்ம வாசல்ல நின்னுச்சுல்ல. கை முழுக்க வெண்ணெய். அப்படியே தொப்பியக் கழட்டிட்டு வெளிய வந்து தலை குனிஞ்சு நின்னேன். வண்டி நகர்ற வரைக்கும் உள்ள போகக்கூடாதே. அப்புறம் வாசலப் பூட்டிட்டு நேரா சமையலறைக்குப் போயிட்டேன், இந்தப் பக்கம் பாக்கவே இல்ல."

"அந்த நேரத்துல யாராவது உள்ள போனாங்களா?"

"யாருமே போகல."

"பின்பக்கமா?"

"முற்றத்துக் கேட்டு பூட்டியிருந்துச்சு. தெரு முழுக்க ஜனம். எல்லாக் கடையிலயும் திரை இறக்கியாச்சு. யாரும் போகல அக்கா, சத்தியமா."

ஃபின்டனுக்கு அலுப்பாக இருந்தது. நேற்று முழுக்க ஊர்வலத்தில் வந்த நாற்பது பேரையாவது அவன் விசாரித்திருப்பான். எல்லோரும் அதே பதில். யாரும் உள்ளே போகவில்லை. தனக்கு நல்லது செய்கிற ஒரு பொய்யாவது சொல்லத் தெரியாத பையன் இந்த ஓரன் என்று நினைத்துக்கொண்டான்.

அட்ராக்டா எழுந்தார். முழங்கால் 'டக்' என்றது. உள்ளங்கையில் ஒரு ஸ்குரூ.

"மாலக்கி, உன் கொள்ளுத்தாத்தா கைவேலைன்னு சொன்ன."

"ஆமா."

"ஸ்டார் ஸ்குரூ போட்டிருக்காரே. ரொம்ப முன்னேறின மனுஷன்."

மாலக்கி கண் இமைக்கவில்லை. "கீல் மாத்தினேன். பத்து வருஷம் இருக்கும். பழைய கீல் துருப்பிடிச்சுப் போச்சு."

"ஆத்மா அதேதான், கீல் மட்டும் புதுசு," என்றான் ஃபின்டன் ஹெல்ஸ்ட்ரமிடம். அவர் அதைச் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார்.

பின்வாசல் வழியாக இருவரும் முற்றத்துக்கு வந்தார்கள். சவ வண்டி கழுவித் துடைத்துப் பளபளவென்று நின்றது. அதற்கப்பால் சவப்பெட்டிக் கிடங்கு. ஜன்னல் வழியே ஃபின்டன் எட்டிப் பார்த்தான். சுவரோரமாகப் பெட்டிகள், நடுவில் மற்றவற்றின் இரண்டு பங்கு அகலத்தில் ஒன்று.

"பாத்தீங்களா பாஸ், பேக்கி டூஹியோட பெட்டி. ஆஸ்பத்திரில கைய விரிச்சுட்டாங்கன்னு அளவெடுத்துச் செஞ்சாரு மாலக்கி. பேக்கி எழுந்து வந்து ரெண்டு ஆட்டுக்கறி வறுவல் தின்னுட்டு டிராக்டர் ஓட்டப் போயிட்டான். இன்னிக்கும் அவனத் தெருவுல பாத்தா மாலக்கி மொகத்துல ஒரு வருத்தம்."

"யாரும் வாங்க மாட்டாங்களா அத?"

"அந்த அளவுக்கு ஊர்ல வேற யாரு இருக்கா? மாலக்கியத் தவிர."

அட்ராக்டா சிரிக்கவில்லை. அது ஃபின்டனுக்குப் பழக்கம்தான். "வா," என்றார். "எதிர்க்கடைக்குப் போவோம்."

எதிர்க்கடை நோனி கில்ஃபாயிலுடையது. அதுவும் பப்தான். ஆனால் உள்ளே நுழைந்தால் முதலில் தலையில் முட்டுவது கூரையில் தொங்கும் ரப்பர் பூட்ஸ். ஒரு பக்கம் ஆட்டுக்குப் புழு மருந்து, வாளி, தேயிலை, மெழுகுவர்த்தி. மறுபக்கம் பிளாஸ்டிக் பலகை ஒட்டிய கவுன்டர், மேலே ட்யூப் லைட், வானிலை மட்டும் தெரிகிற டிவி. சுற்றுலாக்காரர்கள் வாசல் வரை வந்து, எட்டிப் பார்த்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு டோலனுக்குப் போய்விடுவார்கள்.

நோனியும் அட்ராக்டாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கன்னியாஸ்திரீயிடம் அடி வாங்கியவர்கள்.

"ஏண்டி அட்ராக்டா, கதவத் தேடிட்டுத் திரியுறியாமே," என்றார் நோனி, முகத்தைத் திருப்பாமல். "என்கிட்ட ஒரு பிணத்தையே களவாடிட்டான். அத யாருடி தேடுறது?"

ஃபின்டன் பூட்ஸ்களை நிமிர்ந்து பார்த்தான். ஒன்றும் விளங்கவில்லை.

"டின்னியச் சொல்றேன். ஒரு நாள் தவறாம இந்த ஸ்டூல்ல உக்காந்து குடிச்ச மனுஷன். சவ வண்டி அவன் குடிச்ச கடை வாசல்லதானே நிக்கணும்? எந்த ஊர்லடா வேற கடை வாசல்ல நிக்கும்? நான் கையக் கழுவி, கோப்பையத் தொடச்சு வெச்சுட்டு வாசப்படில நிக்கிறேன். மாலக்கி என்னைப் பாக்காத மாதிரி ஓட்டிட்டுப் போயி அவன் வாசல்லயே நிறுத்துறான். டின்னி அந்த வாசப்படிய மிதிச்சு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு."

"டின்னிக்கு மாலக்கி மேல கோபமா?" என்றார் அட்ராக்டா.

"மாலக்கிதான் உள்ள விடமாட்டேன்னுட்டான். ஞாபகமில்ல உனக்கு? நீ அப்ப டப்ளின்ல இருந்த. மாட்டுக் கொட்டகைல பழச எல்லாம் கண்டெடுத்தேன்னு சொல்லி மாலக்கி பப்ப புதுசாத் திறந்த அன்னிக்கு, டின்னி அந்தக் கதவத் தட்டிப் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சான். 'மாலக்கி, இந்தக் கதவ உங்கப்பன் கழட்டிப் போட்டப்ப யோவான் திருநாள் சொக்கப்பனைல தூக்கி எறிஞ்சது நான். அதுல குளிர் காஞ்ச முதுகு இன்னும் என்கிட்டதான் இருக்கு'ன்னான். அன்னிக்கே கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளிட்டான்."

"ஊர்ல யாரும் நம்பலையா?"

"டின்னி சொல்றத யாரு நம்புவா? போப்பாண்டவருக்கு ஆடு கத்தரிச்சு விட்டேன்னும்தான் சொல்லுவான்."

அட்ராக்டா ஸ்டூலில் உட்கார்ந்தார். டின்னியின் ஸ்டூல் அல்ல, அதற்கு அடுத்தது. "சரி, வண்டி நின்னுச்சு. அப்புறம்?"

"அப்புறம் என்ன. மாலக்கி இறங்கி, டின்னிக்குக் கடைசியா ஒரு பைன்ட் கறுப்பு பீர் கொண்டு வரேன்னு உள்ள போனான். பாதிரியார் ஜெபமாலை சொல்ல ஆரம்பிச்சாரு. பாதிக்கு மேல சொல்லி முடிச்சாரு. அப்பதான் கோப்பையோட வந்து பெட்டி மேல வெச்சான்."

"ஆமா, ஒழுங்கா ஊத்தினா அவ்ளோ நேரம் ஆகும்தானே," என்றான் ஃபின்டன். முக்கால் கோப்பை ஊற்றி, கீழே வைத்து, பழுப்பெல்லாம் அடங்கிக் கறுப்பாகும் வரை காத்திருந்து, அப்புறம்தான் மீதி. சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நோனி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஒழுங்கா ஊத்தினா ஆகும்டா மகனே. அந்தக் கோப்பைய நீ பாத்தியா? நான் பாத்தேன். எல்லாரும் தலையக் குனிஞ்சிருந்தாங்க. நான் கோபத்துல குனியல. நுரை செத்துக் கிடந்துச்சு. அப்படியே சப்பையா இறங்கி, கண்ணாடி ஓரத்துல மஞ்சளா ஒரு வளையம். காலைல ஊத்தி வெச்ச பீர். உயிரோட இருக்கிறவன் கிட்ட குடுத்திருந்தா மூஞ்சில ஊத்தியிருப்பான். செத்தவன்தானேன்னு குடுத்துட்டான்."

டிவியில் வானிலைச் செய்தி ஓடியது. மேற்கே மழை.

ஃபின்டன் அட்ராக்டாவின் பக்கம் திரும்பினான். "பாஸ், நான் நாற்பது பேரக் கேட்டேன். யாருமே உள்ள போகலன்னாங்க."

"நீ என்ன கேட்ட?"

"உள்ள யாரு போனாங்கன்னு."

"மாலக்கி உள்ளயா போனான்? பைன்ட் ஊத்தத்தானே போனான்." அட்ராக்டா கைப்பையைத் தோளில் மாட்டினார். "இந்த ஊர்ல அது கணக்குல வராது. பாதிரியார் கோவிலுக்குள்ள போனா யாராவது எழுதி வெப்பாங்களா? நோனி, கோப்பையத் தொடச்சு வை. டின்னி வருவான்."

"செத்துட்டான்டி அவன்."

"அதனாலதான் தொடைக்கச் சொல்றேன்."

டோலன் பப்பில் அதே ஆட்கள். கவுன்டர் கோடியில் இரண்டு வாடிக்கைக்காரர்கள் வேறு. அவர்கள் அங்கே இல்லாத நேரத்தை ஊரில் யாரும் பார்த்ததில்லை. அட்ராக்டா கோட்டைக் கழற்றினார்.

"மாலக்கி, எனக்கு ஒரு பைன்ட். அவசரமில்ல. ஒழுங்கா ஊத்து."

மாலக்கியின் முகத்தில் முதல் தடவையாக நிம்மதி தெரிந்தது. குடிக்க உட்காருகிற துப்பறிவாளர் தோற்றுப்போன துப்பறிவாளர். கோப்பையைச் சாய்த்துப் பிடித்து, குழாயை முன்னால் இழுத்தார். பழுப்பும் வெள்ளையுமாகக் குழம்பி ஏறியது. முக்காலில் நிறுத்தி, கவுன்டர் மேல் வைத்தார்.

உடனே பப்பில் பேச்சு நின்றது. வாடிக்கைக்காரர்கள் இருவரும் கோப்பையைப் பார்த்தார்கள். ஓரன் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். ஹெல்ஸ்ட்ரமும் பார்த்தார், அவருக்கு அது பக்தி, மற்றவர்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. கோப்பைக்குள் அலை அலையாக இறங்கிக்கொண்டிருந்தது. ஃபின்டனும் வாயைத் திறந்துகொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான், யாரோ சட்டைக் கையைப் பிடித்து இழுக்கும் வரை.

"வா," என்றார் அட்ராக்டா மெதுவாக.

பின்வாசல் ஓரத்து ஆணியில் சவ வண்டிச் சாவியோடு கிடங்குச் சாவியும் தொங்கியது. முற்றத்தைக் கடக்க ஒரு மூச்சு. கிடங்கில் வார்னிஷ் வாசனை. அட்ராக்டா நேராக பேக்கி டூஹியின் பெட்டியிடம் போய்த் தலைமாட்டில் நின்றார்.

"கால்மாட்டப் பிடி."

மூடி எழும்பியது. வெள்ளைப் பட்டு மெத்தையில், தலையணையில் தலை வைத்து, கறுத்த ஓக் கதவு நிம்மதியாகப் படுத்திருந்தது. வண்ணக் கண்ணாடிக்குத் துண்டு சுற்றியிருந்தது.

"நல்ல சாவு," என்றான் ஃபின்டன். "முகம் பாத்தாச்சு, மூடிடவா?"

"மேல் விளிம்பப் பாரு."

கதவின் மேல் விளிம்பு, சட்டத்துக்குள் மறைந்திருக்கும் பக்கம், சாயம் பூசாத வெள்ளை மரம். அதில் கறுப்பு மையில் பெரிய எழுத்துகள் அச்சடித்திருந்தன: OBEN.

"யாரு பாஸ் ஓபென்? கொள்ளுத்தாத்தாவா?"

"ஜெர்மன்ல 'மேல் பக்கம்'. தலைகீழா மாட்டிடக்கூடாதுன்னு அச்சடிச்சிருக்கான்." பக்கத்தில் பாதி கிழிந்த சரக்குச் சீட்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்டுட்கார்ட் என்பது மட்டும் படிக்க முடிந்தது. அட்ராக்டா முதல் தடவையாகச் சிரித்தார். "தூக்கு, தூக்கு. கோப்பை அடங்கறதுக்குள்ள போகணும்."

கதவு குறுகலானது, கனமும் அப்படி ஒன்றும் இல்லை. நூற்றைம்பது வருஷத்து ஓக் என்றால் ஃபின்டனின் இடுப்பு போயிருக்கும். இருவரும் அதைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியே நுழைந்தபோது, கவுன்டரில் யாரும் திரும்பவில்லை. கோப்பையின் அடியில் இன்னும் ஒரு விரற்கடை பழுப்பு மிச்சமிருந்தது.

ஃபின்டன் கதவை அறையின் சட்டத்தில் சாத்தினான். 'தொம்' என்று சத்தம் கேட்டுத்தான் எல்லோரும் திரும்பினார்கள். மாலக்கியைத் தவிர. அவர் இவர்கள் போனதைப் பார்த்தவர். சாவி எடுத்ததையும் பார்த்தவர். நெற்றியில் வியர்வை வழிய, இரண்டு கையையும் கோப்பைக்கு இரண்டு பக்கமும் ஊன்றிக்கொண்டு, அசையாமல் நின்றிருந்தார்.

"நீ ஓடி வந்து தடுப்பேன்னு நெனச்சேன்," என்றார் அட்ராக்டா.

"பாதிக் கோப்பைய விட்டுட்டா?" மாலக்கிக்கு நிஜமாகவே வலித்தது. "என்ன பேச்சு பேசுற அட்ராக்டா? நான் என்ன அப்படிப்பட்டவனா?"

"அதான் அன்னிக்கும் காலைலயே ஊத்தி வெச்ச. பாதில விட்டுட்டுக் கதவத் தூக்கிட்டுப் போக மனசு வரல. புதுசா ஊத்தி வெச்சுட்டுப் போயிருந்தா நோனி கண்ணுல எதுவும் பட்டிருக்காது, நானும் இன்னிக்குத் தலையச் சொறிஞ்சுட்டுதான் இருப்பேன். பெட்டிய நோனி கடை வாசல்ல நிறுத்தினா நீ தெருவக் கடந்து வரணும், எல்லாரும் பாப்பாங்க. உன் வாசல்ல நிறுத்தினா ஓரன் வெளிய வந்தே ஆகணும். ஊரே தலை குனியும். ஸ்குரூவ முன்னாடியே தளத்தி வெச்சிருப்ப. ஒண்ணு கீழ விழுந்தத கவனிக்கல."

ஹெல்ஸ்ட்ரம் கதவின் மேல் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "இது என்ன மேடம்?"

"உங்க ஆத்மாவோட பிறந்த ஊர் சார்," என்றான் ஃபின்டன். "ஸ்டுட்கார்ட்."

அப்புறம் கதை தானாக வந்தது. அப்பா டோலன் எழுபதுகளில் எல்லோரையும் போலப் பழசைப் பெயர்த்து எறிந்துவிட்டு பிளாஸ்டிக் ஒட்டினார். கதவு சொக்கப்பனைக்குப் போனது. டின்னி சொன்னது உண்மை. இருபது வருஷம் கழித்துச் சுற்றுலா பஸ்கள் வர ஆரம்பித்தன. வந்தவர்கள் பிளாஸ்டிக்கைப் பார்த்துவிட்டு, 'பழைய ஐரிஷ் பப் எங்கே இருக்கிறது' என்று மாலக்கியிடமே வழி கேட்டார்கள். ஜெர்மனியில் ஒரு அசல் ஐரிஷ் பப் திவாலாகி ஏலத்துக்கு வந்தது. கவுன்டர், அலமாரி, மர அறை, சுவரில் மாட்டுகிற துருப்பிடித்த சைக்கிள், எல்லாம் ஒரே லாரியில். தொழிற்சாலையில் புகை போட்டுக் கறுப்பாக்கிய மரம்.

"நிபுணர் சுரண்டுவார்னு தெரிஞ்சதும் வேற வழி தெரியல," என்றார் மாலக்கி. "டின்னியும் போயிட்டான். இனிமே சொல்ல ஆளில்ல."

"ஓரன்?" என்றார் அட்ராக்டா.

மாலக்கி துணியை எடுத்துக் கவுன்டரைத் துடைத்தார். சுத்தமாகத்தான் இருந்தது. "அவன் பேர நான் சொல்லல. சார்ஜென்ட் தானாச் சொன்னார். நான் மறுக்கல, அவ்ளோதான். எப்படியும் ஊர விட்டுப் போறவன். போறவனுக்குப் பேர் கெட்டா என்னன்னு…"

"போக முடியாதே முதலாளி," என்றான் ஓரன். குரல் உயரவில்லை. "பேர் கெட்டா போகவே முடியாது. உங்க வண்டிக்காகத்தான் தொப்பியக் கழட்டிட்டு நின்னேன். வெண்ணெய்க் கையோட. ஒரு தடவை திரும்பியிருந்தா பாத்திருப்பேன். திரும்பக்கூடாதுன்னு திரும்பல."

வாடிக்கைக்காரர்களில் ஒருவர் தன் கோப்பையை மாலக்கியின் பக்கமிருந்து கொஞ்சம் நகர்த்தி வைத்தார். அந்த பப்பில் அதைவிடப் பெரிய திட்டு கிடையாது.

அட்ராக்டா போனை எடுத்து சார்ஜென்ட் எண்ணை அழுத்தி, கவுன்டர் மேல் வைத்து மாலக்கியிடம் தள்ளினார். "என் வாயால வேண்டாம். உன் வாயால சொல்லு. சொல்லிட்டு அந்தக் கோப்பைய முடி. வீணாக்காத."

மாலக்கி சொன்னார். நிறைய இருமலோடு, ஆனால் சொல்லிவிட்டார். மறுமுனையில் சார்ஜென்ட் நீண்ட நேரம் சிரித்தது எல்லோருக்கும் கேட்டது.

ஹெல்ஸ்ட்ரம் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். ஃபின்டனுக்கே பாவமாகிவிட்டது. "சார், அசல்தானே வேணும்? எதிர்ல இருக்கு. நோனி கடைல ஒரு ஆணிகூட மாறல."

அவர் துள்ளி எழுந்து, அளவு நாடாவோடு தெருவைக் கடந்து ஓடினார். சீக்கிரமே திரும்பிவிட்டார். நெற்றியில் ரப்பர் பூட்ஸ் இடித்த சிவப்பு.

"அங்க புழு மருந்து விக்கிறாங்க," என்றார். "ட்யூப் லைட் வேற. மன்னிச்சுக்கோங்க, அது அயர்லாந்து மாதிரியே இல்ல." கதவைத் தட்டிப் பார்த்தார். "மிஸ்டர் டோலன், இது நல்ல கதவு. எங்க ஜனங்களுக்குப் பிடிக்கும். சான்றிதழ் இல்லாததால விலைய மட்டும் கொஞ்சம் குறைச்சுக்குவோம்."

ஆக, பாலிமூராவில் களவு போன கதவு ஜெர்மனியில் பிறந்து, பாலிமூராவுக்கு வந்து, இனி மினியாபொலிஸில் பதினான்கு குட்டி போடப்போகிறது. ஓரன் அந்தப் பதினான்கில் ஒன்றுக்குப் பக்கத்தில் நின்று ஊற்றப்போகிறான்.

"அக்கா, அங்க வர்றவங்க கேப்பாங்களே," என்றான் அவன், கோட்டை மாட்டிக்கொண்டே. "இது அசலான்னு. நான் என்ன சொல்றது?"

"டோலன் பப்ல எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்குன்னு சொல்லு," என்றார் அட்ராக்டா. "அதுல ஒரு வார்த்தை பொய்யில்ல."

தன் கூலியை ஹெல்ஸ்ட்ரமிடம் வாங்கிக்கொண்ட அட்ராக்டா, மாலக்கியிடமும் ஒரு கூலி கேட்டார். அன்று சாயங்காலமே அதை அவர் கொடுத்தார். சவ வண்டி முற்றத்திலிருந்து வெளியே வந்தது. மாலக்கி ஓட்டவில்லை; கறுப்புக் கோட்டோடு, வெறுந்தலையோடு, வண்டிக்கு முன்னால் மழையில் நடந்தார். ஓட்டியது ஓரன். உள்ளே பெட்டி இல்லை. வண்டி நோனி கில்ஃபாயிலின் வாசலில் நின்றது. நோனி கையைக் கழுவி, துடைத்து வைத்த கோப்பையை எடுத்து, முக்கால் ஊற்றி, வைத்து, காத்திருந்தார். தெருவே காத்திருந்தது. அவசரமே படாமல் மீதியை ஊற்றி, அதைப் பெட்டி வைக்கிற இடத்தில் வைத்து வண்டிக் கதவைச் சாத்தினார். ஒரு பைன்ட் பீரைச் சுமந்துகொண்டு வண்டி கல்லறைப் பக்கம் ஊர்ந்தது.

"செத்தும் ஓசிக் குடி," என்று ஆரம்பித்த ஃபின்டனின் விலாவில் அட்ராக்டாவின் முழங்கை இறங்கியது. அவன் தொப்பியைக் கழற்றினான்.

சவ வண்டி போகிறபோது என்ன செய்ய வேண்டுமோ அதைப் பாலிமூரா செய்தது. கடை கடையாகத் திரைகள் இறங்கின. ஆனால் முன்னால் மாலக்கி நடந்து போவதால், இந்தத் தடவை ஒவ்வொரு திரையின் ஓரத்திலும் ஒரு கண் இருந்தது.